கழிவுநீரும் நகர வாழ்வும்
சேர் யோசேப் பசல்ஜெற் என்னும் பொறியியலாளரின் சரிதமும் அது நமக்குக் கற்பிக்கும் பாடமும்

ஒரு நகரத்தின் சிறப்பைக் கூறப் புகுவோர் அதன் கோயிலையும் கோட்டையையும் துறைமுகத்தையும் கல்விச்சாலைகளையும் எடுத்துரைப்பர். அதன் கழிவுநீர் எவ்வழியாக எங்கே செல்கிறது என்பதை எவரும் எடுத்துரைப்பதில்லை. பேசக் கூசும் பொருள் என்று அதனை ஒதுக்கிவிடுவது நம் வழக்கம். ஆயினும், ஒரு நகரத்துக் குழந்தைகள் ஐந்து வயதைத் தாண்டி வாழ்வார்களா என்பதைத் தீர்மானிப்பனவற்றுள் அக்கழிவுநீரின் வழியும் ஒன்றாகும். நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். நிலத்தின் கீழ் நீர் செல்லும் வழிக்குச் ‘சுருங்கை’ என்று பெயரிட்டு, அதனைக் காப்பியத்திலும் வைத்துப் பாடினர். மணிமேகலையில் அச்சொல் வருகின்றது. சொல்லை மறந்த நாம் பொருளையும் மறந்திருக்கின்றோம்.

ஆகவே, இவ்விழா மலரில் அரசரையோ புலவரையோ பற்றி எழுதாது, கழிவுநீர்ப் பொறியியலாளர் ஒருவரின் வாழ்க்கையை எழுதத் துணிந்தோம். அவர் பெயர் சேர் யோசேப் பசல்ஜெற். இலண்டன் மாநகரின் பாதாளச் சாக்கடைகளை அமைத்தவர் அவர். அவர் நம் நாட்டவர் அல்லர்; எனினும், துறைமுகம் ஒன்றின் கரையில் வாழும் நமக்கு அவருடைய வெற்றியிலும் பாடம் உண்டு, குறையிலும் பாடம் உண்டு.

இளமையும் இல்லறமும்

பசல்ஜெற் 1819ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 28ஆம் தேதி, இலண்டனுக்கு வடக்கேயுள்ள என்பீல்ட் என்னும் ஊரிற் பிறந்தார். அவருடைய பாட்டனார் பிரான்சு தேசத்திலிருந்து குடியேறித் தையற்றொழிலால் பொருளீட்டியவர். தந்தையார் பிரித்தானியக் கடற்படையிற் பணியாற்றியவர். அக்கடற்படை 1957ஆம் ஆண்டு வரை நம் திருகோணமலைத் துறைமுகத்தைத் தனது தளமாகக் கொண்டிருந்தமையை நாம் அறிவோம்.

பதினேழு வயதளவில் சேர் யோன் மக்னீல் என்னும் பொறியியலாளரிடம் தொழில் பயிலச் சேர்ந்த பசல்ஜெற், அயர்லாந்தில் நீர் தேங்கிய நிலங்களை வடித்து விளைநிலமாக்கும் பணியில் ஈடுபட்டார். நீரை அதன் போக்கறிந்து நடத்தும் வித்தையை அவர் கற்றது அச்சேற்று நிலத்திலேயாகும். 1842இல் இலண்டனிலே சொந்தமாகத் தொழில் தொடங்கினார். 1845இல் மரியா என்னும் மங்கையை மணந்தார். அக்காலம் இங்கிலாந்தில் புகையிரதப் பாதைகள் மிக விரைவாகப் பெருகிய காலம். பசல்ஜெற் இரவுபகல் பாராது உழைத்தார். 1847இல் உடலும் உள்ளமும் தளர்ந்து, தொழிலையே விட்டு ஓய்வெடுக்க நேர்ந்தது. திருமணமாகி இரண்டாண்டே ஆகியிருந்த இளங் குடும்பத்துக்கு அது சோதனைக் காலமாகும்.

உடல் தேறிய பின், 1849இல், தம் முப்பதாவது வயதில், இலண்டன் சாக்கடை ஆணைக்குழுவில் துணை நில அளவையாளராகச் சேர்ந்தார். புகழ் தரும் உத்தியோகமன்று அது. பாலமும் புகையிரதமும் அமைத்தவர்களை உலகம் போற்றிய காலத்தில், சாக்கடைக்கு வரைபடம் எழுதுபவரை எவர் போற்றுவர்? ஆயினும் அவர் தம் வாழ்நாளின் எஞ்சிய உழைப்பு முழுவதையும் அந்நகருக்கே கொடுத்தார். பதினொரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்த பெருங்குடும்பத் தலைவர் அவர். அப்பிள்ளைகளுள் ஒருவரான எட்வேட் தந்தையின் தொழிலையே தாமும் மேற்கொண்டார்.

நகரின் நோய்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலண்டனில் ஏறத்தாழ இருபத்தைந்து இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். முன்னாளில் வீட்டுக்கு வீடு மலக்குழி இருந்தது. இரவில் ஆட்கள் வந்து அதனை அள்ளி வண்டியிலேற்றி வயல்களுக்குக் கொண்டு செல்வர். நீரூற்றிக் கழுவும் மலகூடங்கள் பரவியபோது அக்குழிகள் நிரம்பி வழிந்தன. மலக்குழிகளை மூடி, வீட்டுக் கழிவுகளைத் தெருச் சாக்கடையில் இணைக்கவேண்டும் என 1848இல் விதிக்கப்பட்டது. நோக்கம் நல்லதே. ஆனால், அச்சாக்கடைகள் மழைநீரைத் தேம்ஸ் நதியிற் கொண்டு சேர்க்க அமைந்தவை. ஆகவே, நகரின் மலம் முழுவதும் நதியிற் கலந்தது. அந்நதியிலிருந்தே பலர் குடிநீரும் பெற்றனர். வீட்டைத் தூய்மை செய்யப் புகுந்து ஆற்றை அழுக்காக்கியதே அக்காலத்துச் சீர்திருத்தத்தின் விளைவாயிற்று.

1848-49ஆம் ஆண்டுகளில் கொலரா என்னும் வாந்திபேதி இலண்டனில் பதினாலாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொன்றது. 1853-54இல் மீண்டும் வந்து பதினாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொன்றது. துர்நாற்றமே நோய்க்குக் காரணம் என்பது அன்றைய அறிஞர்களின் கொள்கை. யோன் சினோ என்னும் வைத்தியர் ஒருவர் அதனை மறுத்தார். 1854இல் ஒரு தெருவிலுள்ள நீர்க்குழாயைச் சுற்றி இறந்தவர்களின் வீடுகளைக் கணக்கெடுத்து, நோய் பரவுவது காற்றினாலன்று, மலங் கலந்த குடிநீரினாலேயே என்று காட்டினார். அவர் கூற்றைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை.

1858ஆம் ஆண்டுக் கோடையிலே வெப்பம் மிகுந்தது, நதி நாறியது. நதிக்கரையிலிருந்த பாராளுமன்றத்தின் திரைச்சீலைகளைச் சுண்ணக் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டும் உறுப்பினர்களால் உள்ளே இருக்க முடியவில்லை. ஏழைகளின் சேரியில் ஆயிரமாயிரம் பேர் மாண்டபோது பல்லாண்டு தாமதித்த சபை, தன் மூக்கிற் படவே பதினெட்டு நாட்களில் சட்டம் இயற்றி முடித்தது. முப்பது இலட்சம் பவுண் கடன் பெறவும், பசல்ஜெற்றின் திட்டத்தை நிறைவேற்றவும் அச்சட்டம் வழிசெய்தது. யோன் சினோ அவ்வாண்டு யூன் மாதம் 16ஆம் தேதி, அந்நாற்றத்தின் நடுவிலேயே, தம் கொள்கை நிலைபெறுவதைக் காணாது காலமானார்.

பசல்ஜெற்றின் திட்டம்

1856இல் அமைந்த மாநகர வேலைச் சபையின் தலைமைப் பொறியியலாளராகப் பசல்ஜெற் இருந்தார். அவருடைய திட்டத்தின் கருத்து எளியது. பழைய சாக்கடைகள் யாவும் நதியை நோக்கி வடக்கிலிருந்து தெற்கேயும், தெற்கிலிருந்து வடக்கேயும் சென்றன. அவற்றைக் குறுக்கே மறிக்கும்படி, நதிக்குச் சமாந்தரமாக, மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிப் பெருஞ் சாக்கடைகளை அமைத்தால், கழிவு நதியைச் சேருமுன்னரே பிடிபட்டு நகருக்கு வெளியே போய்விடும். அங்கே பெருந் தொட்டிகளில் அதனைத் தேக்கி, வற்றுப் பெருக்கின்போது திறந்துவிட்டால், கடல் அதனை இழுத்துச் செல்லும். வடகரைக் கழிவுக்குப் பெக்டன் என்னும் இடமும், தென்கரைக் கழிவுக்குக் குறொஸ்னெஸ் என்னும் இடமும் வாயில்களாயின.

கருத்து எளிதாயினும் வேலை அரிது. நீர் தானாக ஓடவேண்டுமாயின் சரிவு வேண்டும்; சரிவு மிகக் குறைந்தால் திண்மப் பொருள் தங்கிவிடும்; மிகுந்தால் சாக்கடை மிக ஆழத்துக்குப் போய்விடும். ஒரு மைலுக்கு ஏறத்தாழ இரண்டு அடி என்ற மிகச் சிறு சரிவைப் பெருஞ் சாக்கடைகளுக்குப் பசல்ஜெற் வகுத்தார். தாழ்ந்த இடங்களிலிருந்து கழிவை மேலேற்ற நீராவி இயந்திரங்களை அமைத்தார். பல சாக்கடைகளுக்கு முட்டையின் வடிவம் கொடுக்கப்பட்டது. முட்டையின் கூர்முனை கீழே இருக்கும்போது, நீர் குறைந்த நாளிலும் அது ஒடுங்கிய வழியில் வேகமாக ஓடும்; வேகமாக ஓடும் நீர் அடியிலுள்ள மண்டியைத் தானே அரித்துச் செல்லும். ஓர் உருவத்தைத் தெரிந்தெடுப்பதில் எத்தனை அறிவு அடங்கியுள்ளது என்பதை மாணவர் கவனிக்கவேண்டும்.

சீமெந்திலும் அவர் புதுவழி சென்றார். போட்லண்ட் சீமெந்து நீரில் இறுகும். ஆயின், அளவு தவறிச் சுட்டால் பயனற்றுப் போகும். ஆகையால் வேலைக்கு வரும் சீமெந்தைத் தொகுதி தொகுதியாகச் சோதித்து, வலிமை குறைந்ததைத் திருப்பியனுப்பும் முறையை அவர் கண்டிப்பாக நடத்தினார். மண்ணுக்குள் மறையப் போகும் வேலையை மறையுமுன் சோதிக்கவேண்டும். மறைந்தபின் குறையைக் கண்டும் பயனில்லை.

82 மைல் நீளமான பெருஞ் சாக்கடைகளும், ஏறத்தாழ 1100 மைல் நீளமான தெருச் சாக்கடைகளும் எழுந்தன. 31 கோடியே 80 இலட்சம் செங்கற்கள் அவ்வேலையிற் சென்றன என்பர். குறொஸ்னெஸ் நீரேற்று நிலையம் 1865 ஏப்பிரல் 4ஆம் தேதி திறக்கப்பட்டது. நதிக்கரை நெடுக அவர் கட்டிய அணைக்கரைகள் ஐம்பது ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை நதியிலிருந்து மீட்டன. 1870இல் திறக்கப்பட்ட விக்ரோறியா அணைக்கரையின் மேலே சாலையும், உள்ளே பெருஞ் சாக்கடையும் நிலக்கீழ்ப் புகையிரதமும் ஒருங்கே அமைந்தன. 1875 அளவில் திட்டம் முழுமை பெற்றது.

1866ஆம் ஆண்டின் சான்று

இத்தனை பெரிய பணியைச் செய்தவரும் நோய்க்குக் காரணம் துர்நாற்றமே என்று நம்பிய கூட்டத்தைச் சேர்ந்தவரே. பிழையான காரணத்தை நம்பிச் சரியான வேலையைச் செய்தார் என்று கூறலாம். நாற்றத்தை நீக்கவென்று மலத்தை நீரிலிருந்து பிரித்தார். நாற்றம் போனதோடு நோயும் போயிற்று. இதற்குச் சான்று 1866இல் கிடைத்தது. அவ்வாண்டு கொலரா மீண்டும் இலண்டனுக்கு வந்தது. புதிய சாக்கடைகள் தொழிற்பட்ட பகுதிகளை அது பெரும்பாலும் தீண்டவில்லை. வேலை முற்றுப்பெறாத கீழைப் பகுதியில் மட்டும் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்பகுதிக்கு வடிகட்டாத நீர் வழங்கப்பட்டதும் ஆராய்ச்சியில் வெளிப்பட்டது. அதன்பின் கொலரா அந்நகரில் பெருவாரியாகப் பரவவில்லை. ஒரு வைத்தியர் தம்மிடம் வந்தவர்களைக் காப்பாற்றுவார்; இப்பொறியியலாளரோ தம் பெயரையும் அறியாத இலட்சக்கணக்கானோரைக் காப்பாற்றினார்.

திட்டத்தின் குறை

வரலாற்றை எழுதுவோர் குறையை மறைத்தல் தகாது. பசல்ஜெற்றின் திட்டம் கழிவை நகரிலிருந்து அகற்றியது, தூய்மையாக்கவில்லை. நகருக்கு வெளியே என்பது யாரோ ஒருவரின் வாசலாகும். 1878ஆம் ஆண்டு செப்ரெம்பர் 3ஆம் தேதி, ‘பிறின்செஸ் அலிஸ்’ என்னும் பயணக் கப்பல் வேறொரு கப்பலுடன் மோதி, கழிவு வாயில்களுக்கு அருகில் மூழ்கியது. கழிவு திறந்துவிடப்பட்டுச் சிறிது நேரமே ஆகியிருந்தது. அறுநூறுக்கு மேற்பட்டோர் அந்நீரில் மாண்டனர். பின்னர் அரச ஆணைக்குழு ஆராய்ந்தது. 1880களின் இறுதியில், சுண்ணாம்பும் இரும்பு உப்பும் இட்டு மண்டியைப் படியவைத்துப் பிரிக்கும் முறை தொடங்கிற்று. பிரித்த மண்டியைக் கப்பலிலேற்றிக் கடலிற் கொட்டினர். அவ்வழக்கம் 1998இலேயே முடிவுற்றது.

கழிவை உண்மையாகத் தூய்மையாக்கும் வழி 1914இல் மான்செஸ்ரர் நகரிற் பிறந்தது. ஆடேர்ன், லொக்கெற் என்னும் இருவர், கில்பேட் பௌளர் என்பவரின் தூண்டுதலால், கழிவுநீரில் காற்றைச் செலுத்தி நுண்ணுயிர்களை வளர்த்தனர். அவ்வுயிர்கள் அழுக்கையே உணவாகக் கொண்டு திரண்டு படிகின்றன; மேலே தெளிந்த நீரைப் பிரித்துவிட்டு, படிந்த மண்டியின் ஒரு பகுதியைப் புதிய கழிவுக்கு உறைமோர் இடுவதுபோல் மீண்டும் இட்டால் வேலை விரைவாக நடக்கும். பாலுக்கு உறையிடத் தெரிந்த நம் தாய்மாருக்கு இத்தத்துவம் அந்நியமன்று. பௌளர் பின்னர் பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்திலே பேராசிரியராகப் பணியாற்றினார்.

நம் ஊரும் நம் கடனும்

இனி நம் திருகோணமலையை நோக்குவோம். நம் உள்துறைமுகம் ஆழமானது, மலைகளால் சூழப்பட்டது, புயலிலும் அமைதியானது. கப்பலுக்குக் காப்பளிக்கும் அவ்வடைப்பே கழிவுக்கும் காப்பளிக்கும் என்பதை நினைக்கவேண்டும். திறந்த கடலில் விழுந்த அழுக்கை அலை சிதறடிக்கும். அடைபட்ட குடாவில் விழுந்தது எளிதில் வெளியேறாது. கொட்டியாரக் குடாவில் மகாவலி கங்கை கலக்கின்றது. மலைநாட்டிலிருந்து நெடுந்தூரம் ஓடிவரும் நதி, வழியிலுள்ள ஊர்கள் அதில் விட்டதையும் கொண்டே வரும். நதியின் மேற்புறத்தார்க்குக் கழிவு போன இடம் எதுவோ அது நமக்கு வந்த இடம்.

நிலத்திலும் கவனம் வேண்டும். கடற்கரையை அண்டிய மணற்பாங்கான நிலத்தில் நீர் விரைவாக ஊறும். மலக்குழியும் கிணறும் ஒரே வளவில் அடுத்தடுத்து இருந்தால், குழியின் நீர் கிணற்றைத் தேடிச் செல்லும். ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காற்றோடு மழை பெய்து நிலத்தடி நீர் மேலெழும்போது, குழிக்கும் கிணற்றுக்கும் இடையிலுள்ள மண் வடிகட்டியாக நிற்பது குறையும். அந்நாளில் வயிற்றோட்டமும் நெருப்புக்காய்ச்சலும் வந்தால் அதனை விதியென்று சொல்லல் தகாது. கந்தளாய்க் குளத்து நீர் குழாய்வழியே வருவதால் கிணற்றை மறந்துவிடலாம் என்று எண்ணுவோரும் உளர். குழாய் நீர் மிகுந்தால் கழிவுநீரும் மிகும் என்பதே இலண்டன் கற்ற பாடம்.

நம் வீடுகளிலுள்ள மூடிய மலக்குழி ஒரு சிறு தொழிற்சாலை. கனத்த பொருள் அடியிற் படியும்; எண்ணெய்ப் பசை மேலே மிதக்கும்; இடையிலுள்ள நீர் அடுத்த ஊறற் குழிக்குச் செல்லும். அடியிற் படிந்த மண்டியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அகற்றாவிடில், அது நிறைந்து ஊறற் குழியையும் அடைத்துவிடும். அகற்ற வரும் பவுசர் வண்டி அதனை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகின்றது என்று கேட்பது ஒவ்வொரு குடும்பத் தலைவரின் கடமை. காட்டிலோ களப்பிலோ கொட்டினால், பசல்ஜெற்றின் குறையை அவருடைய திறமையின்றி நாம் செய்தவராவோம். கொழும்பு நகரின் கழிவுநீரும் முகத்துவாரம், வெள்ளவத்தை என்னும் இரு இடங்களில் குழாய்வழியே கடலுக்குள் விடப்பட்டு வந்தது. தீவு முழுவதற்கும் உரிய கேள்வி இது.

இன்னுமொன்று கூறவேண்டும். வாளி மலகூடங்கள் நம் நாட்டு நகரங்களில் நெடுங்காலம் இருந்தன. பிறர் மலத்தை வாளியிற் சுமந்து, கைவண்டியிற் கொண்டுசென்ற தொழிலாளரை நாம் எப்படி நடத்தினோம்? அவர்கள் உழைப்பால் நம் வீட்டுக் குழந்தைகள் நோயின்றி வாழ்ந்தனர். அவர்களையோ நாம் வாசலில் நிறுத்தினோம். நீரடைப்பு மலகூடமும் மூடிய குழியும் வந்தமையால் அக்கொடுமை நீங்கியது. சமயமும் சட்டமும் செய்யத் தயங்கியதை ஒரு வளைந்த குழாயும் அதிலே தங்கிய இரண்டு அங்குல நீரும் செய்தன. ஆயினும் மலக்குழியினுள் மனிதரை இறக்கும் வழக்கம் முற்றாக ஒழியவில்லை. குழியிலுள்ள ஐதரசன் சல்பைட்டு என்னும் வாயு முதலில் மணத்தை உணரும் ஆற்றலைக் கொல்லும். பின்னர் ஆளையே கொல்லும். ஒருவர் விழுந்தால் அவரைக் காக்க இறங்கியவரும் விழுவர். இயந்திரத்தால் இயலும் வேலைக்கு மனிதரை இறக்குதல் பாவமாகும்.

மாணவருக்கு ஒரு சொல்

பசல்ஜெற் 1889இல், தாம் பணியாற்றிய சபை கலைந்து புதிய நகர சபை அமைந்தபோது, ஓய்வு பெற்றார். 1891ஆம் ஆண்டு மார்ச்சு 15ஆம் தேதி விம்பிள்டனிலுள்ள தம் இல்லத்தில் காலமானார். தேம்ஸ் நதியின் பல பாலங்களையும் அவர் அமைத்தார். அவருடைய சாக்கடைகள் இன்றும் தொழிற்படுகின்றன. எனினும் நகரம் பன்மடங்கு பெருகியமையால், மழைக்காலத்தில் நிரம்பி வழியும் கழிவைத் தாங்க 25 கிலோமீற்றர் நீளமான புதிய பாதாள வழி ஒன்று அமைத்து, 2025இல் முற்றாக இணைக்கப்பட்டது. முன்னவர் செய்ததைப் போற்றுவதும் அவர் விட்ட குறையை நிரப்புவதும் ஒரே கடமையின் இரு பகுதிகளாம்.

நம் கல்லூரியில் கணிதமும் இரசாயனமும் பயிலும் மாணவருள் பொறியியல் கற்க விரும்புவோர் பலர். வான் தொடும் மாளிகையும் நெடும் பாலமும் கட்டவேண்டும் என்பது அவர்கள் கனவு. அது நல்ல கனவே. அவர்களுள் ஒருவரேனும் கழிவுநீர்த் துறையைத் தெரிந்தெடுப்பாராயின், அவரை வீட்டாரும் உறவினரும் ஏளனஞ் செய்யாதிருக்கவேண்டும். பெண் கொடுக்கத் தயங்காதிருக்கவேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கின்றோம். அவர் அமைப்பது மண்ணுக்குள் மறையும். திறப்பு விழாவிலே மாலையும் குறைவாகவே விழும். ஆயினும் மழைக்காலத்தில் பிள்ளைகளை வாட்டில் கிடத்திக் கண்விழிக்கும் தாய்மாரின் தொகை ஆண்டுக்கு ஆண்டு குறையுமாயின், அதுவே அவர் செய்த வேலையின் கணக்காகும். அக்கணக்கைத் திருகோணமலையில் எழுதத் தொடங்குபவர் இக்கல்லூரியின் மாணவராக இருத்தல் வேண்டும் என்பது எம் வேண்டுகோள்.